இறால் இல்லாத பண்ணைக்குப் பதினைந்து டீ

அத்தியாயம் 9

"அவனைச் செருப்பில்லாம தரையில உக்கார வைக்கணும். அது ஒண்ணு நடந்தா போதும் எனக்கு."

நாற்காலியில் உட்காரும் முன்பே வசந்தா அம்மாள் சொன்னது இது. மகனைக் காப்பாற்றுங்கள் என்று அழுதுகொண்டு வருவார் என எதிர்பார்த்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். அவர் அழவில்லை. கல்பாக்கத்து ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். கோபத்தைக்கூடத் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். தண்ணீரை நானே குடித்தேன்.

2009 ஜூலை, ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணி. செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் அலுவலகம். போர்டில் இருப்பது சியாமளா மேடத்தின் பெயர் மட்டும். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கிழித்துப் போட்டவர், இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் சீனு. பத்து வருடம் மீன் வேன் ஓட்டிவிட்டு, வேனோடு இவரிடம் வந்து சேர்ந்தவன். சம்பளம் வண்டி ஓட்டுவதற்கு, வாய் இலவசம்.

மேடம், "யாரை?" என்று மட்டும் கேட்டார்.

"ராகவனை."

ராகவனைக் கூடுவாஞ்சேரியில் தெரியாதவர் கிடையாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடி ஷோரூம். 'ஆர்பிட்' என்ற வெளிநாட்டு மின்புத்தகக் கருவிக்குத் தமிழ்நாட்டு ஏஜென்ட் என்று தலைக்கு மேல் பலகை. கருவி பார்க்கப் பள்ளிக்கூடச் சிலேட் மாதிரி இருக்கும். உள்ளே நூறு புத்தகம் இருக்கும். அதே உருவத்தில், அதே முத்திரையோடு, பாதி விலைக்குப் போலிச் சிலேட்கள் ஒரு வருடமாகப் பெட்டிக்கடைகளில் ஓடிக்கொண்டிருந்தன. போலியில் ஒரு பேஜார். அவர்கள் விற்கும் கார்டைச் செருகினால்தான் புத்தகம் திறக்கும். அடுத்த புத்தகத்துக்கு அடுத்த கார்டு. நண்பனிடம் இரவல் வாங்கிப் படிக்க வழியே கிடையாது.

வசந்தா அம்மாளின் மகன் ஷ்யாமுக்கு இருபத்தைந்து வயது, சாஃப்ட்வேர் வேலை. இந்த மாதிரிக் கருவிகளில் தமிழ் படிப்பதற்காக 'ஏடு' என்று ஒரு ப்ரோகிராம் எழுதி இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டிருந்தான். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். இரண்டே நிபந்தனை: மாற்றினால் மாற்றியதையும் திறந்தே வை, எழுதியவர் பெயரை அழிக்காதே.

போலிக்காரர்கள் அந்த ஏட்டை எடுத்து, மேலே ஒரு பூட்டைப் போட்டு, தங்கள் சிலேட்டில் ஏற்றிவிட்டார்கள். ஷ்யாம் சண்டைக்குப் போகவில்லை. பூட்டைக் கழற்றுவது எப்படி என்று ஒரு தாளில் எழுதி, பொத்தேரி டீக்கடைகளில் ஒட்டினான். ஒரே மாதத்தில் காலேஜ் பையன்கள் தங்கள் சிலேட்களின் பூட்டைக் கழற்றிக்கொண்டார்கள். கார்டு வியாபாரம் படுத்தது.

ஜூன் பதினொன்றாம் தேதி ராகவன் போலீசுக்குப் போனார். போலி ஆர்பிட் செய்பவன் ஷ்யாம்தான். அவனிடமே வாங்கிய சிலேட் இதோ. உள்ளே அவன் பெயரே இருக்கிறது பாருங்கள் என்றார். இருந்தது. ஏட்டின் முதல் நிபந்தனையைக் காற்றில் விட்ட திருடர்கள், இரண்டாவதை மட்டும் அக்கறையாகக் காப்பாற்றியிருந்தார்கள்.

ஸ்டேஷன் பெயர் வேண்டாம். எல்லா ஸ்டேஷனும் ஒரே கலர்தான். அங்கே ராகவன் இன்ஸ்பெக்டருக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இந்த மாதிரி ஆளுங்களைச் செருப்போட உள்ள விடாதீங்க சார்" என்றாராம். ஷ்யாமின் செருப்பு வாசலில் கழற்றப்பட்டது. இரண்டு நாள் தரையில் உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். வெளியே வந்தால் செருப்பைக் காணோம். ஜூன் மாத வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு ஸ்டேஷனிலிருந்து ரயிலடி வரை நடந்தான். கொப்புளம் ஆறிவிட்டது. பையன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. திங்கட்கிழமை அவனை முறையாகக் கைது செய்து கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். நிறுத்திவிட்டால் வேலை போகும். அதோடு ஆளும் போய்விடுவான் என்று அந்தம்மா பயந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளங்கால் சுட்டது. அந்த ராகவனை அப்போதே பார்க்க வேண்டும் போலிருந்தது, மரியாதையாகப் பேசுவதற்கு அல்ல.

மேடம் பேனா மூடியைக் கடித்தார். "சீனு, ஒண்ணு கவனிச்சியா? போலி வியாபாரம் படுத்தா, அசல் விக்கிறவன் ஸ்வீட் பாக்கெட் குடுக்கணும். இவனுக்கு ஏன் வயிறு எரிஞ்சுது?"

"வயிறு ஒண்ணுதான் மேடம். கடைதான் ரெண்டு போல கீது."

"அதை நிரூபிக்க நமக்கு இன்னிக்கும் நாளைக்கும்தான் இருக்கு."

வசந்தா அம்மாள் பையிலிருந்து மூன்று பொருட்களை எடுத்து வைத்தார். யாரோ ஷ்யாமிடம் கொடுத்துப் போன போலிச் சிலேட், பெட்டியோடு. ஷ்யாமின் சொந்தச் சிலேட். அப்புறம் ஒரு தாள்: ஏட்டுக்குத் திருத்தம் அனுப்பி உதவியவர்களின் பட்டியல், பெயரும் தேதியுமாக. திறந்த ப்ரோகிராமில் இது வழக்கமாம். யார் எதை எப்போது சரிசெய்தார்கள் என்பது உலகத்துக்கே தெரியும்படி பொதுவில் கிடக்கும்; பின்னால் தேதியை மாற்ற முடியாது. கடைசி வரி: 'பாப்பா, ஜூன் 29. பேட்டரி திடீரென்று நின்றாலும் விட்ட பக்கத்திலேயே திறக்கும்.'

இவ்வளவு சின்ன வயதில் கம்ப்யூட்டரா என்று கேட்டேன். பெங்களூர்ப் பக்கம் யாரோ ஓர் ஆள், புனைபெயர் என்று ஷ்யாம் நினைப்பதாக வசந்தா அம்மாள் சொன்னார்.

போலிச் சிலேட்டுக்கு ஸ்க்ரூவே இல்லை, சுற்றிலும் பசை. எங்கள் வீட்டு மிக்ஸியைக்கூட நாலு ஸ்க்ரூ கழற்றினால் உள்ளே பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கிய பொருளை வாங்கியவனே திறக்கக் கூடாது என்றால் அது விற்பனையா, வாடகையா? மேடம் அதைக் கீழே இஸ்திரி வண்டிக்கு எடுத்துப் போனார். இஸ்திரிப் பெட்டியைச் சிலேட்டின் விளிம்பில் லேசாகத் தேய்த்ததும் பசை இளகி, மூடி வாய் பிளந்தது.

உள்ளே ஒயர்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது பிளாஸ்டிக் பட்டை இல்லை, பச்சை நைலான் நூல். முடிச்சைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது வலை முடிச்சு மேடம். இழுக்க இழுக்க இறுகும். பத்து வருஷம் குப்பத்துக் குப்பமா லோடு ஏத்தனவன், எனக்குத் தெரியாதா? கடல்கரையில வலை கட்ற கைதான் இத்த போட்டுகீது."

பெட்டிக்குள் சிலேட்டைச் சுற்றி வைத்திருந்த தெர்மோகோல் அட்டையை மேடம் என் மூக்கிடம் நீட்டினார். முகர்ந்தேன். மீன் பெட்டி நாற்றம் எனக்குத் தாலாட்டு மாதிரி, இது அதில்லை. இறால் குஞ்சுக்குப் போடும் தீவனத்தின் நாற்றம். இறால் குஞ்சு உற்பத்திப் பண்ணையில் கிடந்த பெட்டியை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"மகாபலிபுரத்துலேர்ந்து தெக்கால மரக்காணம் வரைக்கும் பண்ணைதான் மேடம். பாதி மூடிக்கிடக்குது."

"மூடினதுல எது மூடலைன்னு பாக்கணும். வண்டியை எடு."

திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே இறங்கினோம். வசந்தா அம்மாளும் கூட வருவேன் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டார். மூடிய பண்ணை ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்த்தேன். முதலாவதில் நாய். இரண்டாவதில் நாயும் இல்லை. மூன்றாவதில் சினிமாவுக்கு செட் போட்டிருந்தார்கள். கடைசியில் மேடம் வேறு வழி சொன்னார்: பண்ணையைப் பார்க்காதே, பக்கத்து டீக்கடையைப் பார்.

கடப்பாக்கத்தில், ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரர் வரிசையாகக் கண்ணாடி டம்ளர்களைக் கம்பிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கே போகிறது என்று கேட்டேன்.

"இறால் பண்ணைக்கு. பதினஞ்சு டீ, ஒண்ணு சக்கரை இல்லாம."

"அது மூடி ரெண்டு வருஷம் ஆச்சுன்னு சொன்னாங்களே அண்ணாத்த."

"இறாலுக்குத்தான் மூடிட்டாங்க. டீக்கு மூடல."

மேடம் என்னைப் பார்த்தார். நான் கூடையை வாங்கிக்கொண்டேன். பதினைந்து டீயைச் சிந்தாமல் தூக்கிப் போகிறவனை எந்த வாட்ச்மேனும் யாரென்று கேட்பதில்லை. இது நான் கண்ட உண்மை.

பண்ணைக்குள் இறால் வளர்த்த சிமென்ட் தொட்டிகளின் மேல் பலகை போட்டு மேஜையாக்கியிருந்தார்கள். பதினான்கு பெண்கள், எல்லோர் கையிலும் சிலேட். நடுவில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முப்பதுக்குள் இருக்கும். கொண்டையில் பேனா செருகுகிற இடத்தில் வலை பின்னும் ஊசி. சக்கரை இல்லாத டீ அவளுக்குத்தான்.

பின்னாலேயே வந்த மேடம், பிரித்த சிலேட்டை அவள் முன்னால் வைத்து, இந்த முடிச்சை யார் போட்டது என்று கேட்டார். மேஜைகளில் எல்லோர் கையும் நின்றது. அவள் ஓடுவாள், அழுவாள், இல்லை ஆள் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன், அவுந்து போச்சா?" என்றாள். சிலேட்டை வாங்கி முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "அவுராதே. நான் போட்டது."

போலீசா என்று கேட்டாள். இல்லை என்றதும் நிம்மதியானாளா ஏமாந்தாளா என்று முகத்தில் தெரியவில்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவள். வேலை கொடுத்தது ராகவன். பெட்டியில் வேறு நாட்டின் பெயரை ஒட்டச் சொன்ன அன்றே இது போலி என்று புரிந்ததாகவும், இந்தப் பதினான்கு வீட்டின் அடுப்பை நினைத்து வாயை மூடிக்கொண்டதாகவும் ஒளிக்காமல் சொன்னாள். மேடம் பழியை அவள் மேல் தூக்கிப் போடவில்லை. இந்தச் சிலேட்களுக்காக ஷ்யாம் என்று ஒரு பையன் திங்கட்கிழமை ஜெயிலுக்குப் போகிறான் என்று மட்டும் சொன்னார்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "எந்த ஷ்யாம்? ஏடு ஷ்யாமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மெயில்ல தெரியும். என் பேரு பாப்பா."

வேனிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றிருந்த வசந்தா அம்மாள் கையிலிருந்த பட்டியலைப் பிரித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பெங்களூர் ஆள் கடப்பாக்கத்தில் கொண்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

மே மாதக் கடைசியில், கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு வாரத்தில், சார்ஜ் தீர்ந்து நின்ற சிலேட் ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்துக்கே ஓடுவது பொறுக்காமல் பாப்பா அந்தத் திருத்தத்தை எழுதினாள். அவர்கள் வீட்டில் புது வலை தொடங்கினால் முதல் முடிச்சை மஞ்சள் தண்ணீரில் நனைத்த நூலில்தான் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில், திருத்தம் ஏற்றிய முதல் சிலேட்டின் ஒயரையும் மஞ்சள் நூலில் கட்டி, ராகவன் கையில் கொடுத்தாள். திருத்தியவர் என்று தன் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டாள்.

"சிரிச்சாரு மேடம். கட்டற கைக்குப் பேரு எதுக்குன்னு கேட்டாரு. இத்தினி பேரு எதிர்ல. ஒரு மாசம் வெச்சிகினு இருந்தேன் அத்த மனசுல. அப்பால செய்யூர் போயி, பிரவுசிங் சென்டர்ல குந்திகினு அந்த ஷ்யாமுக்கே அனுப்பிட்டேன். மறுநாளே என் பேர போட்டாரு. இன்னா ஊரு, இன்னா ஜாதி, பொம்பளையா ஆம்பளையான்னு ஒரு வார்த்தை கேக்கல."

மேடம் தேதிகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை, அவர் கண் பளபளத்ததில் நல்ல செய்தி என்று மட்டும் தெரிந்தது. ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்று பாப்பாவைக் கேட்டார். வந்தால் நீங்களும் மாட்டலாம் என்பதையும் மறைக்கவில்லை.

பாப்பா திரும்பி அந்தப் பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி, வயதில் மூத்தவள், தன் கையிலிருந்த சிலேட்டைப் பலகை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "போய் வா" என்றாள். பாப்பா கொண்டையிலிருந்த ஊசியைச் சரிசெய்துகொண்டு வேனில் ஏறினாள்.

போகிற வழியில் மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். ஷ்யாம் நேரில் வந்து எல்லாம் சொல்லப் போகிறான்; புகார்தாரரை வரச் சொல்லுங்கள்; ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய அசல் ஆர்பிட்டையும் எடுத்து வரட்டும் என்றார். இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம். பையன் ஒப்புக்கொண்டால் எழுத்து வேலை பாதி குறையும்.

மாலை நாலு மணிக்கு ஸ்டேஷனில் கூடினோம். இன்ஸ்பெக்டர் சடையப்பன் குறுக்கெழுத்துப் புதிரை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். ராகவன் ஏற்கெனவே நாற்காலியில். வெள்ளைச் சட்டை, கால் மேல் கால், முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூ. மடியில் தோல் உறைக்குள் அவருடைய சிலேட். அம்மா போன் செய்து வரச் சொன்னதில், ஷ்யாம் கூடுவாஞ்சேரி வீட்டிலிருந்து தனியாக வந்திருந்தான். புதுச் செருப்பு வாங்கவே இல்லை. வெறுங்காலோடு வந்து, யாரும் சொல்லாமலே தரையில் உட்காரப் போனான். வசந்தா அம்மாள் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பிடியைப் பார்த்தபோது எனக்கு ராகவனின் கழுத்து நினைவுக்கு வந்தது.

பாப்பாவைப் பார்த்ததும் ராகவனின் கால் கீழே இறங்கியது. ஆனால் முகம் மாறவில்லை. கெட்டிக்காரர்.

ஜூன் பதினொன்றில் ராகவன் ஒப்படைத்த சிலேட்டை எடுக்கச் சொன்னார் மேடம். போலீஸ் வைத்த சீலை உடைப்பதற்கு இன்ஸ்பெக்டர் முனகினார். சாட்சிக் கையெழுத்துப் போட ஆறு பேர் இருக்கிறோம் என்று சமாதானம் செய்தோம். அவரையே ஒரு புத்தகத்தைத் திறந்து இஷ்டப்பட்ட பக்கத்துக்குப் போகச் சொன்னார் மேடம். இன்ஸ்பெக்டர் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். மேடம் பின்னாலிருந்த சின்ன மூடியைத் தள்ளி, பேட்டரியை வெடுக்கென்று பிடுங்கி, மறுபடி போட்டார்.

நாற்பத்து மூன்றாம் பக்கமே திறந்தது.

ஷ்யாமின் சிலேட்டிலும் அதையே செய்தார். ஜூன் பதினொன்றில் இருந்த ஏடே அதில் அப்படியே இருந்தது; அதற்குப் பிறகு அவன் அந்தச் சிலேட்டைத் தொடவில்லை. அது முதல் பக்கத்துக்கு ஓடியது.

"சார், விட்ட பக்கத்தை ஞாபகம் வெச்சுக்கற திருத்தம் ஷ்யாம் கைக்கு வந்தது ஜூன் இருபத்தொன்பது. பட்டியல் பொதுவுல இருக்கு, உங்க கம்ப்யூட்டர்லயே பாக்கலாம். அந்தத் திருத்தம் பதினெட்டு நாள் முன்னாடியே இந்த மிஷின்ல எப்படி வந்தது? ஷ்யாமுக்கே தெரியாதது, ஷ்யாம் செஞ்சதா சொல்ற மிஷினுக்குத் தெரிஞ்சிருக்கே."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பையன் முன்னாடியே எழுதி ஒளித்து வைத்திருக்கலாமே என்றார்.

"எழுதினது நான் சார்" என்று பாப்பா முன்னால் வந்தாள். "இத்த கட்டனதும் நான்தான். பாருங்க." சிலேட்டை வாங்கி, ஊசியை ஒரு மூலையில் செருகி, ஒரே நெம்பு. இஸ்திரிப் பெட்டி கேட்ட வேலை இரண்டு நொடியில் முடிந்தது. உள்ளே அந்த வலை முடிச்சு.

நூல் பச்சை.

நான் மஞ்சளை எதிர்பார்த்திருந்தேன். ராகவன் கையில் போன முதல் சிலேட்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். ராகவன் மெல்ல எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி கால் மேல் கால் போட்டார்.

"நல்லதாப் போச்சு சார். பையன் இல்லைன்னா இவதான். அவளே ஒத்துக்கறா. நான் புகார் குடுத்தவன். போலி பண்றவ யாரா இருந்தாலும் உள்ள தள்ளுங்க. இவளை நான் பாத்ததுகூட இல்லை."

இன்ஸ்பெக்டர் பாப்பாவைப் பார்த்து, செருப்பைக் கழற்றச் சொன்னார். அவள் கழற்றினாள். தான் கட்டிய முடிச்சிலேயே தன் கை மாட்டிக்கொண்டதைப் போல ஊசியைப் பார்த்தபடி நின்றாள். கடப்பாக்கத்திலிருந்து இவளைக் கூட்டி வந்து இந்தக் குழியில் தள்ளியது நாங்கள்.

மேடம் மட்டும் அவசரப்படவில்லை. ராகவனிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: அந்தத் தோல் உறையில் இருப்பதுதானே அசல்?

ஆமாம் என்றார் ராகவன். வெளிநாட்டில் செய்தது. சீல் உடைக்காமல் தன் கைக்கு வந்தது. இன்றுவரை ஒருவரும் திறந்ததில்லை. திறந்தால் வாரன்ட்டி போய்விடும். இதையெல்லாம் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாமா என்று மேடம் கேட்டார். தாராளமாக, என்று கையெழுத்தும் போட்டார். மை உலரும் வரை மேடம் காத்திருந்தார்.

"பாப்பா, இதையும் தொறந்து பாருங்க."

ராகவன் உறையை இழுத்துப் பிடித்தார். அந்தப் பிடியில்தான் இன்ஸ்பெக்டருக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவரே வாங்கிப் பாப்பாவிடம் கொடுத்தார். அவள் ஊசியைச் செருகினாள். அதே மூலை. அதே நெம்பு. அசல் வெளிநாட்டு ஆர்பிட் வாயைத் திறந்தது.

உள்ளே மஞ்சள் நூல். ஒரு மாதத்துக்கு மேலாகியும் மங்காத மஞ்சள்.

"மொத பீஸு" என்றாள் பாப்பா. "இவரு கையில நான் குடுத்தது. நல்லா ஓடுதுன்னு இவரே வெச்சிகினாரு."

யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று ராகவன் ஆரம்பித்தார். இன்றுவரை ஒருவரும் திறந்ததில்லை என்ற கையெழுத்தை மேடம் அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஷோரூமில் அசல் விலைக்கு விற்றதும் போலி, பெட்டிக்கடையில் பாதி விலைக்கு விற்றதும் போலி, இரண்டும் கடப்பாக்கத்து ஒரே தொட்டியில் பிறந்தவை. இன்ஸ்பெக்டர் இரண்டு முடிச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பாப்பாவைச் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். சாட்சிகளுக்கு நாற்காலி உண்டு என்றார்.

ராகவனிடம் திரும்பினார். "ஷூவைக் கழட்டுங்க."

"சார், நான் யாருன்னு..."

"உங்க யோசனைதான் சார். அன்னியிலேர்ந்து இந்த ஸ்டேஷன்ல அதான் ரூல். வாசல்ல விட்டுட்டு வந்து இப்படித் தரையில உக்காருங்க."

உட்கார்ந்தார். ஷ்யாம் உட்கார்ந்திருந்த அதே சுவரோரம். சாக்ஸின் கட்டைவிரலில் ஓட்டை. வசந்தா அம்மாள் பெஞ்சில் எதிரே உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். திட்டியிருந்தால் ராகவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு அந்தப் பத்து நிமிடமும் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஷ்யாம் பாப்பா பக்கம் வந்து, மெயிலில் 'சார்' என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டான். அந்தப் பதினான்கு பேரும் இனி எந்தப் பெயரை ஒட்டிச் சிலேட் கட்டுவது என்று அவள் கேட்டாள். அவரவர் பெயரை ஒட்டுங்கள், ஏடு திறந்துதானே கிடக்கிறது, பசைக்குப் பதில் ஸ்க்ரூ மட்டும் போடுங்கள் என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பையன் பேசிய நீளமான வாக்கியம் அதுதானாம்.

வெளியே வந்தபோது வசந்தா அம்மாள் எங்களுக்கு முன்பே வேனில் ஏறியிருந்தார். வழியில் செருப்புக் கடையில் நிறுத்தச் சொன்னார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் மடியில், புடவைத் தலைப்புக்கு அடியில், பளபளவென்று ஒரு ஷூ. ஒன்றே ஒன்று.

"இன்னாம்மா இது? இன்னொண்ணு எங்க?"

"வாசல்லயே இருக்கு. ரெண்டையும் எடுத்தா புதுசு வாங்கிப்பான். ஒண்ணு இருந்தா இன்னொண்ணைத் தேடிக்கிட்டே இருப்பான்."

இப்போதாவது மனசு ஆறிற்றா என்று மேடம் முன் சீட்டிலிருந்து கேட்டார்.

"ஆறல" என்றார் வசந்தா அம்மாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனின் வெறுங்காலைப் பார்த்தார். "சீனு, அந்தக் கடை பெருசா இருக்கு. அங்க நிறுத்துப்பா."